கொஞ்சம் தள்ளி நடப்போம்



தேர்வுகள் முடிந்துவிட்டன. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பல வீடுகளில் ரயில் டிக்கெட் எடுத்து முடித்து, கட்டுச்சோறு புளியோதரையா எலுமிச்சை சாதமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும். ராமேசுவரம், திருச்செந்தூர், வேளாங்கண்ணி, நாகூர், கன்னியாகுமரி என்று நம் கோடைப் பயணங்களில் பாதி கடலில்தான் போய் முடிகின்றன. நுழைவுக் கட்டணம் கேட்காமல் குடும்பத்தோடு உட்கார விடுகிற இடம் இன்றைக்கு வேறு எங்கே இருக்கிறது? போய் வாருங்கள், ஆசை தீரக் கால் நனைத்து வாருங்கள். புறப்படும் முன் ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் பேச வேண்டும்.

நமக்கு விடுமுறையாக இருக்கும் இதே மாதங்கள்தான் கரையோரப் பறவைகள் சிலவற்றுக்குப் பேறுகாலம். கடற்கரைப் பறவை என்றதும் நம்மில் பலருக்கு கோடியக்கரையும் பழவேற்காடும் நினைவுக்கு வரும். குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் உள்ளான்களைப் பற்றி ஆண்டுதோறும் படத்தோடு செய்தி வருகிறது. அந்த விருந்தாளிகள் இங்கே சாப்பிட மட்டும் வருகிறார்கள். முட்டையிடுவதும் குஞ்சு வளர்ப்பதும் அவர்கள் ஊரில். விருந்தாளிகள் கிளம்பிப் போன பிறகு, வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், நம் கரையிலேயே நிரந்தரமாக வாழ்கிற உள்ளூர்க்காரர்கள் சிலர் குடும்பம் தொடங்குகிறார்கள். உப்புக்கொத்திகளும் சின்ன ஆலாக்களும் அவர்களில் முக்கியமானவர்கள். இவர்கள் மரம் ஏறுவதில்லை, குச்சி பொறுக்குவதில்லை. வெறும் மணலில் முட்டையிடுகிறார்கள்.

இந்த உள்ளூர்க்காரர்களில் ஒருவர் சமீபத்தில்தான் தனிப் பெயர் பெற்றார். தென்னிந்தியக் கரைகளிலும் இலங்கையிலும் வாழும் ஒரு சிறிய உப்புக்கொத்தியை, 1930களில் போதிய தரவு இல்லாத நிலையில், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாகக் காணப்படும் கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு, மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று காட்டியது. 2023இல் ‘ஐபிஸ்’ என்னும் பறவையியல் இதழில் அது வெளியானது. மன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் மணல் திட்டுகளை மனத்தில் வைத்து, ‘அனுமன் உப்புக்கொத்தி’ என்று பெயரிட்டார்கள். பெயர்தான் பெரிது. ஆள் ஏறக்குறைய நாற்பது கிராம். மேலே ஈர மணலின் நிறம், கீழே வெள்ளை. நகராமல் நின்றால் பத்தடி தூரத்தில் இருப்பதும் கண்ணில் படாது.

கூடு என்று இவர்கள் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆண் பறவை மார்பை மணலில் அழுத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம் பறிக்கும். ஒன்றல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல. பெண் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உள்ளே சிப்பித் துண்டு, சிறு கல், காய்ந்த துரும்பு ஏதாவது கிடக்கும். அடப்பங்கொடியோ ராவணன் மீசைப் புல்லோ ஓரமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் பெரும்பாலும் மூன்று முட்டைகள். ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளம், மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல்கள். மூன்றையும் சேர்த்து எடை போட்டால் தாயின் எடையில் பாதிக்கு மேல் வரும். ஒரு வாரத்துக்குள் தன் உடம்பில் பாதியைப் பெற்றுப் போடுகிறாள் அந்தத் தாய்.

அடைகாப்பு சுமார் 25 நாள். பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் எழுந்து ஓடும், தாமே இரை தேடும். ஆனால் பறக்கக் கற்க மேலும் ஒரு மாதம் ஆகும். முதல் முட்டை விழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் இந்தக் குடும்பத்துக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை. முட்டை மணலைப் போல இருப்பதும், அப்பா அம்மா சமயத்துக்கு விலகி ஓடுவதும்தான் அதற்கு உள்ள பாதுகாப்பு.

ஒரு கோடையில் தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களைப் பார்க்கப் போனபோது, வண்டிக்குள் இருந்தபடியே ஒரு கூட்டைக் கவனிக்க வாய்த்தது. இந்தப் பறவைகள் கடற்கரையில் மட்டுமல்ல, உப்பளப் பாத்திகளின் வரப்பிலும் முட்டை வைக்கும். நல்ல உச்சி வெயில். வரப்பில் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் தப்பு. உட்காரவே இல்லை. கால்களை அகல வைத்து, இறகுகளைச் சற்று உப்பிக்கொண்டு, முட்டைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அலகு திறந்திருந்தது, தொண்டை படபடவென்று அடித்தது. சிறிது நேரத்தில் கிளம்பி, பத்தடி ஓடி நின்று, மறுபடி பத்தடி ஓடி, பாத்தித் தண்ணீர் ஓரத்தில் வயிற்றை வைத்து நனைத்தது. வந்த வழியே அதே போல ஓடியும் நின்றும் திரும்பி, ஈர வயிற்றோடு முட்டைகளின் மேல் தாழ்ந்தது. முட்டைக்குச் சூடு கொடுக்க அல்ல, சூட்டைத் தணிக்க.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “அந்த வரப்புல ஏறாதீங்க தம்பி. முட்டை கெடக்கு. நீங்க நிக்கிற வரைக்கும் அது வராது.”

ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீங்கள் நிற்கிற வரைக்கும் அது வராது. முட்டையை மிதிக்க வேண்டியதில்லை, எடுக்க வேண்டியதில்லை, கல்லெறிய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றாலே போதும்.

அதை விளக்க வேண்டும். மனிதர்களை இந்தப் பறவை தன்னைப் பிடிக்க வரும் விலங்காகத்தான் எண்ணுகிறது. நாம் நெருங்குவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கூட்டின் இடம் தெரிந்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் எழுந்து ஓடிவிடும். நாம் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். கடந்து போனால் கொஞ்ச நேரத்தில் திரும்பும். ஆனால் நாம் பாய் விரித்து உட்கார்ந்தால்? பிள்ளைகள் பந்து விளையாடத் தொடங்கினால்? பறவை தூரத்தில் ஓடுவதும் நிற்பதுமாகத் தவித்துக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கடற்கரை மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அது தெரியும். குளிர் நாடுகளில் தாய் எழுந்து போனால் முட்டை குளிர்ந்து கெடுகிறது. நம் ஊரில் வெந்து கெடுகிறது. ஓடு உடையாமல், நிறம் மாறாமல், பார்ப்பதற்கு முன்போலவே இருக்கும். உள்ளே உயிர் போயிருக்கும். அந்தக் குடும்பம் சாப்பிட்டு முடித்து, குப்பையைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்ற நிம்மதியோடு கிளம்பிப் போயிருக்கும்.

குஞ்சு பொரித்த பிறகு தொல்லை வேறு மாதிரி. அபாயம் என்று தாய் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே மணலோடு மணலாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ‘வரலாம்’ என்ற குரல் கேட்கும் வரை அசையாது. குஞ்சுக்கு இரை கிடைப்பது பெரும்பாலும் அலை வந்து போகும் ஈர மணலிலும், ஒதுங்கிய பாசிக் குப்பையில் மொய்க்கும் பூச்சிகளிலும். நமக்குப் பிடித்த இடமும் அதே ஈர மணல்தான். காலையிலிருந்து மாலை வரை அங்கே ஆள் நடமாட்டம் ஓயாவிட்டால், குஞ்சு மேட்டு மணலில் வெயிலில் படுத்தே கிடக்கும். சில கிராம் எடையுள்ள உடம்பு எத்தனை நேரம் பட்டினி தாங்கும்? இப்படிச் சாகிற குஞ்சை யாரும் கொன்றதாகச் சொல்ல முடியாது.

நம்மோடு சேர்ந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். சிந்திய சுண்டலும் மீன் கழிவும் இருக்கும் இடத்துக்குக் காகம் வரும், நாய் வரும். தாய் எழுந்து ஓடுவதை மேலிருந்து பார்க்கும் காகத்துக்கு, கூடு எங்கே என்று நாமே காட்டிக் கொடுத்த மாதிரி. ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும் திட்டில் ஒருவர் இறங்கினால் போதும், மொத்தக் கூட்டமும் எழுந்து தலைக்கு மேலே கத்திச் சுற்றும். பார்க்கிறவருக்கு அது அழகான காட்சி. படம் எடுக்கத் தோன்றும். எடுத்து முடிக்கிற வரைக்கும் கீழே அத்தனை முட்டைகளும் காவலின்றி வெயிலில் கிடக்கும்.

முட்டை கெட்டால் பறவை மறுபடி முட்டையிடும். அதுவும் கெட்டால் இன்னொரு தடவை முயலும். ஒவ்வொரு தடவையும் தன் எடையில் பாதியைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். கோடை முழுவதும் இப்படியே கழிந்து, ஒரு குஞ்சுகூடக் கரை சேராமல் போகலாம். வளர்ந்த பறவைகள் சில ஆண்டுகள் வாழ்வதால், கரையில் பறவைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘இதோ இருக்கிறதே’ என்று நாமும் சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்த தலைமுறை வரவில்லை என்பது தாமதமாகத்தான் தெரியவரும்.

கெண்டிஷ் உப்புக்கொத்தியின் கதையே இதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டக் கரையில் கண்டதால் அதற்கு அந்தப் பெயர். முட்டை சேகரிப்பவர்களின் ஆசையும், கடற்கரையில் பெருகிய கட்டடங்களும், விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அதைக் கெண்டிலிருந்து வெளியேற்றிவிட்டன. பெயர் தந்த ஊரில் இன்று அந்தப் பறவை கூடு வைப்பதில்லை.

வெளியேறிய பறவை திரும்பி வந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே ‘கோல் ஆயில் பாயின்ட்’ என்று ஒரு கடற்கரை. பல்கலைக்கழகத்தை ஒட்டியது, மாணவர்களும் நாய்களும் நடமாடும் இடம். நம் உப்புக்கொத்திக்கு நெருங்கிய உறவான வெண் உப்புக்கொத்தி அங்கே குளிர்காலத்தில் வந்து தங்கும், ஆனால் பல பத்தாண்டுகளாக முட்டையிட்டதில்லை. 2001இல் மேட்டு மணலில் ஒரு பகுதிக்கு மட்டும் கயிறு கட்டினார்கள். தன்னார்வலர்கள் முறைபோட்டு நின்று, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் பறவையைக் காட்டி, நாயைச் சங்கிலியில் பிடிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கடற்கரையை மூடவில்லை. மக்கள் ஈர மணலில் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த ஆண்டே அங்கே குஞ்சு பொரித்தது. சில ஆண்டுகளில் அது ஆண்டுதோறும் குஞ்சுகள் பறந்து போகும் இடமாகிவிட்டது. இடத்தை மாற்றவில்லை, தீவனம் போடவில்லை. கொஞ்சம் தள்ளி நடந்தார்கள், அவ்வளவுதான்.

சிகாகோவில் நடந்தது இன்னும் சுவையானது. அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் கூடு வைக்கும் பைப்பிங் உப்புக்கொத்தி, 1990 வாக்கில் பதினைந்து இணைகூட இல்லாத நிலைக்குப் போயிருந்தது. 2019இல் அதில் ஓர் இணை சிகாகோ மாநகரத்தின் மான்ட்ரோஸ் கடற்கரையில் முட்டை வைத்தது. கைப்பந்து ஆடுவோரும் குளிப்போரும் நிறைந்த கோடைக்காலக் கரை அது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நகரத்தில் நடக்காத விசேஷம். மக்கள் அந்த இணைக்கு மான்ட்டி, ரோஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே கரையில் ஆகஸ்டில் பெரிய இசை விழா ஒன்று நடக்க இருந்தது. மேடை, ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கில் கூட்டம். பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் விழா ரத்தானது. இரண்டு குஞ்சுகள் பறந்து போயின. பேரேரிக் கரைகளில் அந்த இனம் இன்று 80 இணைகளைத் தாண்டியிருக்கிறது. மீட்புத் திட்டம் வைத்திருக்கும் இலக்கு 150. ஒரு மாநகரமே சேர்ந்து நாற்பது, ஐம்பது கிராம் எடையுள்ள உயிருக்கு இடம் விட்டது என்பதை நினைக்கும்போது, ஊர் கூடினால் முடியாதது எது என்று தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் தென்கரையிலும் நம் நிலைமைதான். முக்காடு உப்புக்கொத்தி என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய கறுப்புத் தலைப் பறவை அங்கே முட்டையிடுவது, அவர்களுடைய கோடையான கிறிஸ்துமஸ் விடுமுறையில். தன்னார்வலர்கள் கூடு கண்ட இடத்தைச் சுற்றித் தற்காலிக வேலி போடுகிறார்கள். அதோடு, குஞ்சு ஓடி ஒளிய ஒரு சிறிய மரக் கூரையையும் மணலில் வைக்கிறார்கள். இரண்டு பலகையைச் சாய்த்து வைத்தால் தீர்ந்தது. குஞ்சுக்கு நிழலும் ஆகும், மறைவும் ஆகும். குஞ்சுகள் பறந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. ஆனால் இந்தப் பறவைகளுக்கு வேண்டிய திறந்த, அகலமான மேட்டு மணல் நாளுக்கு நாள் சுருங்குகிறது. துறைமுகத்துக்கும் தூண்டில் வளைவுக்கும் வடக்கே கடல் கரையை அரிக்கிறது. அரித்த இடத்தில் கல் கொட்டுகிறோம். மிச்சமிருக்கும் மணலில் சில இடங்களில் சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்டிருக்கிறோம், சில இடங்களில் விடுதிகள் வந்திருக்கின்றன. சுத்தம் செய்யும் இயந்திரங்கள் மணலைச் சலிக்கும்போது நெகிழியோடு சேர்த்துப் பாசிக் குப்பையையும் அள்ளிவிடுகின்றன. நெருக்கப்பட்ட பறவைகள் ஆள் நடமாட்டம் குறைந்த முனைகளுக்கும் முகத்துவாரங்களுக்கும் திட்டுகளுக்கும் ஒதுங்குகின்றன.

தனுஷ்கோடி அப்படிப்பட்ட ஒரு முனை. 1964 டிசம்பர் புயல் ஊரை அழித்த பிறகு, சுற்றுலா வந்தவர்கள் மணலில் ஓடும் வேன்களில்தான் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் முனை வரைக்கும் போகலாம். சாலை வந்ததில் தவறில்லை. மணலைக் கிழித்துக்கொண்டு ஓடிய வண்டிகள் தாருக்கு மாறியதில் நன்மைகூட உண்டு. ஆனால் சாலை கொண்டுபோய் இறக்கிவிட்ட கூட்டம் இரண்டு பக்கமும் மணலில் பரவுகிறது. ‘யாரும் போகாத இடம்’ தேடிப் போய்ப் படம் எடுப்பது இப்போதைய மோகம். யாரும் போகாத இடம் என்று நாம் நினைப்பது ஏற்கெனவே குடியிருக்கிற இடமாக இருக்கலாம். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தது நல்ல செய்தி. பூநாரை ஓங்கி நிற்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்தச் சரணாலயத்தின் பெயரால் காலடியில் இருக்கும் சின்னவர்களுக்கும் காவல் கிடைக்க வேண்டும்.

சட்டம் நம் கையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் பறவைகள் கூடு வைக்கும் இடங்களையும் மணல்மேடுகளையும் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. ஆனால் மணல் நிறத்தில் கிடக்கும் முட்டைக்குக் காவலாக எந்த வனக்காவலரை நிறுத்துவது? இங்கே சட்டத்தைவிடப் பழக்கம்தான் வேலை செய்யும்.

பழக்கத்தை மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஆமையைக் காட்டுவேன். சென்னையில் மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு, இரவெல்லாம் கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறது. வனத்துறையும் கடலோர ஊர்க்காரர்களும் இன்று பல மாவட்டங்களில் அதைச் செய்கிறார்கள். ஆமைக் குஞ்சைக் கடலில் விடும் நாளில் அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது. உப்புக்கொத்திக்கும் நடக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும், அதனால் அந்த முட்டைகளை நாம் எடுத்து வைத்துப் பொரிக்க முடிகிறது. உப்புக்கொத்தியின் முட்டைக்கும் குஞ்சுக்கும் இரண்டு மாதமும் தாய் தகப்பன் வேண்டும். ஆகவே எடுத்து வந்து உதவுகிறேன் என்று கிளம்பினால் உபத்திரவம்தான் மிஞ்சும்.

‘கடற்கரை எல்லோருக்கும் பொது. பணக்காரர்களுக்கு ரிசார்ட் இருக்கிறது, ஏழைக்கு இருப்பது கரை மட்டும்தான். அங்கேயும் போகாதே என்பதா?’ என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெரினாவையும் பெசன்ட் நகரையும் யாரும் பறவைக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அங்கே இந்தப் பறவைகளும் முட்டை வைப்பதில்லை. படகு இறக்கும் மீனவர்களையும் கரைவலை இழுப்பவர்களையும் ஒதுங்கச் சொல்வதும் பேச்சில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, தவிர அவர்கள் தினமும் இறங்குகிற இடம் பழகிய இடம். நாம் பேசுவது கூட்டம் குறைந்த கரைகளில், மேட்டு மணலில், ஒரு சிறு பரப்பை, ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டும் விட்டு நடப்பது பற்றி. தூளியில் குழந்தை தூங்கும் வீட்டில் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திப் பேசுகிறோமே, அந்த இங்கிதம் போதும்.

என்னென்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் அரவமற்ற கரையில் நடக்கும்போது அலை தொட்டுப் போகும் ஈர மணலிலேயே நடங்கள். கொடி படர்ந்த மேட்டுக்கும் ஈர மணலுக்கும் இடையே சிப்பி சிதறிக் கிடக்கும் வறண்ட மணலில்தான் கூடு இருக்கும். அங்கே பாய் விரிக்காதீர்கள். வண்டியை மணலில் இறக்க வேண்டாம், சக்கரத்தின் தடத்தில் விழுந்த குஞ்சுக்கு ஏறி வரத் தெரியாது. நாயை அழைத்துப் போனால் கயிற்றில் பிடியுங்கள். தின்ற மிச்சத்தைக் காகத்துக்குப் போடாமல் எடுத்து வாருங்கள்.

ஒரு சிறு பறவை உங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தால், அல்லது இறக்கை ஒடிந்தது போல மணலில் இழுத்துக்கொண்டு தவழ்ந்தால், அதற்கு அடிபடவில்லை. கூடோ குஞ்சோ மிக அருகில் இருக்கிறது, உங்களை அங்கிருந்து இழுத்துச் செல்லப் பார்க்கிறது. தேடாதீர்கள். காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்புங்கள். தலைக்கு மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு பாய்ந்தாலும் அதையே செய்யுங்கள். தனியாகக் கிடக்கும் குஞ்சு அநாதை என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். தாய் எங்கோ நின்று நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறாள். நூறடி தள்ளி நின்று ஒரு சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் அவள் திரும்பி வருவதையே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விலங்கியல் பாடம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

படம் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் இதழுக்கு ஒவ்வொரு மாதமும் அருமையான பறவைப் படங்கள் வருகின்றன. கூட்டில் இருக்கும் பறவை, முட்டை, குஞ்சு ஆகியவற்றை அருகில் போய் எடுத்த படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனி வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு படம் அச்சில் வந்தால் பத்துப் பேருக்கு அதே போல் எடுக்கத் தோன்றும். முட்டை கண்ட இடத்தை முகநூலிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ அடையாளத்தோடு போட்டுவிடாதீர்கள். வனத்துறைக்கோ, உங்கள் பகுதியில் பறவைகளைக் கவனித்துவரும் குழுவுக்கோ மட்டும் தெரிவியுங்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் வேறு இடம் பாருங்கள். பறவைக்கு அது பருந்துதான்.

கடலோர ஊராட்சிகளுக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய செலவு வேண்டாம். கூடு வைக்கும் முனைகளில் மார்ச் தொடங்கி மழைக்கு முன்பு வரைக்கும் நான்கு கம்பும் ஒரு கயிறும் போதும். தமிழில் ஒரு பலகை: ‘மணலில் முட்டைகள் உள்ளன. ஈரக் கரையில் நடக்கவும்.’ கோடையில் வேலை தேடும் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சிறு ஊதியம் கொடுத்து, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல நிறுத்தலாம். கோல் ஆயில் பாயின்டில் வேலை செய்தது இந்தக் கயிறும், இந்தப் பேச்சும்தான்.

உங்கள் ஊர்க் கரையில் இந்தப் பறவைகளைக் கண்டிருந்தால், மணலில் முட்டை வைக்கிற குருவியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தால், எங்களுக்கு எழுதுங்கள். இடத்தின் பெயரை மட்டும் பொதுவாகக் குறிப்பிடுங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

பயணம் இனிதாகட்டும். கடற்கரையில் இறங்கியதும் செருப்பைக் கழற்றும் முன் ஒரு நிமிடம் நின்று, வறண்ட மணலில் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நமக்கு இருபது அடி சுற்று. அந்தப் பறவைக்கு ஓர் ஆண்டின் பிள்ளைகள்.

அன்புடன்,
ஆசிரியர்